குட்டிக்கு ஒரு கார்டியன்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கோர்ட் வராந்தாவில் கிடைத்தது. வேறொரு வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். எதிர் பெஞ்சில் ஒருவன், பக்கத்தில் இருந்த தங்கையின் முடியை ஒதுக்கிவிடக் கை நீட்டினான். அவள் வெடுக்கென்று தட்டிவிட்டாள். அடுத்த நிமிஷமே அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இவ்வளவுதான் பார்த்தது. மீதி என் கைச்சரக்கு, அதில் எனக்குக் குறைச்சலே கிடையாது.

2.

முதல் தொடக்கம்: ‘தங்கையின் சொத்தின் மேல் கண் வைத்திருந்த அந்த அண்ணன்...’

(அடச்சே. இவளுக்கு ஏது சொத்து?)

இரண்டாவது: ‘தங்கைக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த...’

(இது அதைவிட மோசம்.)

மூன்றாவது நிற்கிறது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தங்கைக்குப் பிறவியிலேயே எதுவும் மெதுவாகத்தான் புரியும். எழுத்து கடைசிவரை வரவில்லை. முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் ‘குட்டி’. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவள் பெயர் ‘சூப்பர்வைசர்’. மடிப்பு கோணலாக இருந்தால் யார் மடித்ததானாலும் உதறி எறிந்துவிடுவாள். அம்மா போன பிறகு, கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு பின்தெருவில் ஒரு ரூமில் இருக்கிறாள்.

போன மாதம் நீராவி இஸ்திரி மெஷினில் கையைச் சுட்டுக்கொண்டாள். கையில் கட்டைப் பார்த்ததும் அண்ணன் பயந்துபோனான். நேரே வக்கீலிடம் போய், எல்லா விஷயத்துக்கும் தன்னையே கார்டியனாக்கச் சொல்லி மனுப் போட்டான். உத்தரவு கிடைத்தால் அவள் ரூம், வேலை, கையெழுத்து எல்லாம் அவன் முடிவு. வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தான்.

* கார்டியன் கேட்பது தப்பில்லை. எதற்கு, எவ்வளவு என்பதில்தான் வம்பே. இதைக் கதைக்குள் நுழைக்க இடமில்லாமல் இங்கே ஒட்டுகிறேன்.

3.

“அண்ணன் வீட்டுக்குப் போறீங்களாம்மா?” விசாரணை அறையில் நீதிபதி தன்மையாகத்தான் கேட்டார்.

குட்டி பேசவில்லை. திரும்பக் கேட்டார். தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் அண்ணன் காதில் கிசுகிசுத்தார். “பாத்தீங்களா, பதில் சொல்லவே தெரியல, இது போதும். நீங்க வாயே திறக்காதீங்க. ஆர்டர் நம்ம பக்கம்தான்.”

அண்ணனுக்குத் தெரியும். கை சும்மா இருந்தால் குட்டிக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அம்மா துணிக்கூடையை முன்னால் கவிழ்த்துவிட்டுத்தான் கேட்பாள். அந்த அறையில் இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

[அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல்...]

(அவனைப் பேசாமல் இருக்கவிட்டு ஒரு முடிவு எழுதினேன். உருக்கமாக வந்தது, நானே அழுதேன். கிழித்துப் போட்டேன். அண்ணன் பயந்தவன்தான், ஆனால் திருடன் இல்லை.)

4.

“மேடம், அவ கையில ஏதாவது துணி குடுங்க.”

“என்னது?”

“மடிக்கறதுக்கு. கையில வேலை இருந்தாத்தான் அவ பேசுவா.”

வக்கீல் அவன் காலை மிதித்தார். நீதிபதி ஒரு கணம் யோசித்தார். பிறகு ஃபைல்களை எடுக்கச் சொல்லி, மேஜைவிரிப்பை உருவிக் கொடுத்தார்.

குட்டி அதை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். “இதைத் தொவைக்கவே மாட்டீங்களா?”

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முனையோடு முனை சேர்த்துக்கொண்டே பேசினாள்.

“நான் வரல. அண்ணி நல்லவங்க. ஆனா அங்க போனா டிவிதான் பாக்கணும்.”

“கையைச் சுட்டுக்கிட்டியே, குட்டி!” அண்ணன் எழுந்துவிட்டான்.

“நீயும்தான் லிஃப்ட்ல வெரலை நசுக்கிக்கிட்ட. உனக்கு யாரு கார்டியன்?”

அவனுக்குச் சுருக்கென்றது. கூடவே, சத்தியமாகப் பெருமையாகவும் இருந்தது.

“அப்போ அண்ணன் எதுக்குமே வேணாமா?” என்றார் நீதிபதி.

“பேங்குக்கு வேணும். ஆபரேஷன் கீபரேஷன்னா வேணும், டாக்டர் பேசறது எனக்குப் புரியாது. அதுக்கும் என்னைக் கேட்டுட்டுத்தான். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

5.

நீதிபதி அண்ணன் பக்கம் திரும்பினார். “எல்லா விஷயத்துக்கும்னு கேட்டிருக்கீங்க. இந்த ரெண்டுக்கு மட்டும்னு மனுவை மாத்திக் குடுக்கறீங்களா?”

வக்கீல் வேண்டாமென்று தலையாட்டுகிறார்.

இதற்கு மூன்று முடிவு வைத்திருக்கிறேன், மூன்றும் அருமையானவை. ஒன்றையும் தரப்போவதில்லை. உங்களைச் சும்மா வேடிக்கை பார்க்கவிடுவதாக இல்லை.

அண்ணன் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். சரியென்றால், அந்த மெஷின் நாளைக்கும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், அவள் அதன் முன்னால்தான் நிற்பாள். எந்த நேரத்தில் போன் அடித்தாலும் உங்களுக்குப் பகீரென்னும். மாட்டேனென்றால், அவள் பத்திரமாக உங்கள் வீட்டில் இருப்பாள். அங்கே யாரும் அவளைச் சூப்பர்வைசர் என்று கூப்பிட மாட்டார்கள்.

குட்டி என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.

சொல்லுங்கண்ணே.