மைக்கை விட்டுத் தள்ளி

சால்ஃபோர்டில் ஆஷ்வொர்த் வீட்டு முன்னறை சாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் திறக்கும். இன்று அந்த வீட்டுப் பிள்ளை க்ளைவுக்காகத் திறந்திருந்தது. அவன் டிரம்ஸ் அடிக்கும் பீட் இசைக் குழுவின் முதல் ரெக்கார்டு வந்துவிட்டது. தெருவே வந்து, டப்பா மீன் சாண்ட்விச்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தது. க்ளைவ் மட்டும் எதையும் தொடவில்லை.

லண்டனில் நடந்ததைப் பற்றி அவன் வீட்டில் மூச்சுவிடவில்லை. ஸ்டூடியோக்காரர் அவன் அடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு நடுவயதுக்காரர் வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தார். கூலிக்கு வாசிப்பவர், அங்கே அதுதான் வழக்கமாம். க்ளைவின் கையில் ஒரு சலங்கை வளையத்தைத் திணித்து, "மைக்கை விட்டுத் தள்ளி நில்லு தம்பி" என்றார்கள். ஊரில் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு திரிந்தவனுக்கு அதுதான் கிடைத்த பதவி.

முன்னறையில் ரெக்கார்டின் மேல் ஊசி இறங்கியது.

"கேளுங்க, கேளுங்க! என் பையன்!" என்று அம்மா பாட்டையே அமுக்கினாள்.

அப்பா ஆல்பர்ட் சர்ச் ஊர்வலத்தில் பெரிய முரசு அடிப்பவர். மகன் வாசிப்புக்கு அவர் வைத்த பெயர், 'கரிவண்டி கவிழ்ந்த சத்தம்'. இன்று அவர் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

"டேய், தாளம் அப்படியே நிக்குதுடா. உன்னைத் தப்பாப் பேசிட்டேன்."

க்ளைவ் கம்பளத்தின் பூக்களைப் பார்த்தான்.

"ஆனா அந்த ஜல்ஜல் யாருடா? நாய் சங்கிலியை இழுத்துட்டு ஓடுற மாதிரி! முதல்ல அந்த மடையனைத் தொரத்துங்க."

அறை சிரித்தது. பக்கத்து வீட்டு மிஸஸ் டாட் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டு சிரித்தாள். க்ளைவும் சிரித்துப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

"பின்னாடிதானே டிரம்ஸ் கிடக்கு? எல்லாருக்கும் ஒருதரம் அடிச்சுக் காட்டு, வா," என்றார் அப்பா.

இனி ஒளிய இடமில்லை.

"அந்த மடையன் நான்தாம்ப்பா. டிரம்ஸ் அடிச்சது வேற ஆளு."

அம்மா கேக் தட்டைக் கீழே வைத்தாள். மிஸஸ் டாட் ஈரமான மடியைத் துடைப்பதில் மும்முரமானாள். ஆல்பர்ட் எழுந்து, ஊசியை மறுபடி முதலிலிருந்து வைத்து, பெட்டியருகே காதைக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கினார்.

"உன் ஜல்ஜல் தாளத்துக்கு முந்துதுடா," என்றார் மெதுவாக.

"ஆமாப்பா. அதனாலதான் என்னை டிரம்ஸ்ல உக்கார விடல."

அப்பா மீசையைத் தடவினார்.

"எனக்கும் முந்தும். ஊர்வலத்துல மத்த வாத்தியங்களை விட்டுத் தள்ளி என்னை ஏன் கடைசியில நடக்க விடுறாங்கன்னு நினைக்கிறே?"