பூரண சுகம்

18.9.1994, ஞாயிறு. சாட்சியில் 'பூரண சுகம்' என்று எழுதியது நான்தான். 'சுகமாயிருக்கிறேன்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

நோட்டில் இப்படி எழுதிவிட்டுப் பேனாவை மூடிய ஞானபாக்கியத்துக்கு, இது முழு உண்மைதானா என்று சந்தேகம் வந்தது. மறுபடி திறந்து, 'கேட்க அழகாக இருக்கும் என்று எழுதினேன்' என்று சேர்த்தாள்.

அண்ணன் கிறிஸ்துராஜுக்கு அம்மா ஒரு சிறுநீரகம் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. வருஷம் நிறைந்தால் சபை முன் நின்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை போடுவது வழக்கம். நாலு பேர் முன்னால் அவனுக்குப் பேச்சு வராது. அதனால் சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற அவளே தாளில் அடித்துக் கொடுத்தாள். இன்று காலை ஆராதனையில் அவன் ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். மூன்றாவது பெஞ்சில் பொன்னுராஜ் சார் உட்கார்ந்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீஸில் அண்ணனுடைய ஃபைல் அவர் மேஜையில்தான் இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் அவர் வாசலில் காத்து நின்றார். கோபம் ஒன்றுமில்லை. அண்ணன் கையைப் பிடித்துக் கர்த்தர் நல்லவர் என்றார். பிறகுதான் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல மெடிக்கல் போர்டு. ஆளு எப்படி இருக்கான்னு டாக்டரு என்னையக் கேட்டா என்ன சொல்ல? காதால கேட்டுட்டேனே."

வேலைக்குத் தகுதி என்று போர்டு எழுதிவிட்டால் உதவித்தொகையும் நிற்கும், ஆபீஸ் கொடுக்கும் மாத்திரையும் நிற்கும். அண்ணன் திரும்பவும் தான் வேலை பார்த்த மில்லின் பஞ்சுத் தூசிக்குள் போகவேண்டும். மாத்திரை இல்லாவிட்டால், அம்மா கொடுத்ததை அவன் உடம்பே தள்ளிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தங்கபாய் ஒரு வழி சொன்னாள். சவரம் வேண்டாம், கசங்கின சட்டையைப் போட்டுக்கொள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தாங்கித் தாங்கி நட.

"வயித்தக் கிழிச்சுக் குடுத்தவ நீதான? நீயே தாங்கி நட, நான் பொறவால வாரேன்" என்று அண்ணன் சிரித்தான். சிரிப்பு சற்று நேரத்தில் அடங்கியது. "சபையில ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு என்னால சொல்ல முடியாது."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நோட்டு சொல்லட்டும்" என்றாள் ஞானபாக்கியம்.

ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவள் எழுதிவரும் நோட்டு. காய்ச்சல், எடை, மூத்திர அளவு, மாத்திரை போட்ட நேரம். அவள் முதலிலிருந்து புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் எல்லாம் சரியாகவே இருந்தன. இதைக் காட்டினால் பொன்னுராஜ் சார் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

போன நவம்பர்ப் பக்கங்களில் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சோற்றுப் பசை தடவி ஒட்டியவள் அவள்தான். மாத்திரை தீரப்போவதை அவள் முன்கூட்டிப் பார்க்கவில்லை. மழையில், மாத்திரை வாங்கப் போகும் மதுரை பஸ்ஸும் ஓடவில்லை. மூன்று நாள் அண்ணனுக்கு மாத்திரை இல்லை. அந்தப் பிசகு தன் கண்ணிலேயே படக்கூடாது என்று ஒட்டிவைத்திருந்தாள்.

கத்தி முனையால் மெதுவாகப் பிரித்தாள். காய்ச்சல் நூற்றியொன்று. நூற்றியிரண்டு. எடை இரண்டு கிலோ கூடுதல். கால் வீக்கம். ஓரம் கொஞ்சம் கிழிந்தது, எழுத்து கிழியவில்லை. மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் சொல்லும்; ஆனால் டாக்டர் இவ்வளவு தூரம் புரட்டுவாரா என்பது தெரியவில்லை.

அண்ணன் அந்தப் பக்கத்தை வாசித்தான். அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரியை அள்ளிப் போட்டு, அவனுடைய வெள்ளைச் சட்டையை விரித்தாள்.

ஞானபாக்கியம் இன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்:

நாளை: ஆறு மணிக்கு மாத்திரை. அண்ணன் சவரத்துக்கு வெந்நீர். ஏழு பத்து பஸ். நவம்பர் பக்கத்தில் அடையாளத்துக்கு நூல் வைக்க வேண்டும்.