சாதா ஹானர்ஸ்

மாலை ஐந்து மணிக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கல்லூரியின் இணையப் பக்கத்தில் இரண்டே வட்டங்கள்: ஹானர்ஸ், அட்வான்ஸ்டு ஹானர்ஸ். அட்வான்ஸ்டில் சரித்திரம் மட்டும்தான். கடைசியில் ஓர் ஆய்வேடு. சாதா ஹானர்ஸில் சரித்திரத்தோடு நாடகமும் படிக்கலாம். எனக்கு நாடகம் வேண்டும். ஆனால் அட்வான்ஸ்டுக்கான மார்க்கும் வந்து தொலைத்திருந்தது.

கீழே அப்பாவின் சலூன். நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு அட்வான்ஸ்டு" என்று தம்பட்டம் அடித்து முடித்திருந்தார். கழுத்தருகே கத்தி இருக்கும்போது யார்தான் பாராட்ட மாட்டார்கள்?

அட்வான்ஸ்டை அழுத்தினேன். உடனே சாதாவுக்கு மாற்றினேன். நாடகப் பாடங்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அத்தையின் குரல் காதில் கேட்டது: "கூத்தாடவா காலேஜுக்குப் போற?" மறுபடி அட்வான்ஸ்டு. மறுபடி சாதா, மறுபடி அட்வான்ஸ்டு. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதில் கீழே அப்பாவின் போன் வேறு டிங் டிங் என்று உயிரை வாங்கியது.

கடைசியில் அப்பாவே மாடியேறி வந்தார். ஒரு கையில் சவரக்கத்தி, மறு கையில் போன்.

"என்னம்மா, கண்ணாமூச்சி ஆடறியா? பாதி முகம் நுரையோட ஒருத்தர் உக்காந்திருக்காரு."

போனை நீட்டினார். நான் மாற்றிய ஒவ்வொரு முறையும் கல்லூரி அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தது. சேரும்போது அவர் எண்ணைக் கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஒவ்வொண்ணையும் சத்தமா படிச்சேன். கடையே பந்தயம் கட்டுது."

எனக்கு மானம் போயிற்று. "சாரிப்பா. அட்வான்ஸ்டே போட்டுடறேன்."

"இரு." அவர் குரல் இறங்கியது. "அட்வான்ஸ்டுனு வந்தா, அடுத்த டிங் உடனே வந்துடுது. சாதான்னு வந்தா, அடுத்தது வர்றதுக்குள்ள நான் ஒரு தலையே வெட்டி முடிச்சிடறேன்."



"எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களேப்பா," என்றேன்.

"சொன்னது என் வாய்தானே? மாத்திச் சொல்லட்டும்."

அழுத்தினேன். அவர் கையில் போன் டிங் என்றது. படித்தார். முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. அதைப் பார்க்க எனக்கு வலித்தது. ஆனாலும் என் கை மற்ற வட்டத்துக்குப் போகவில்லை. அவர் படியிறங்கிப் போனார்.

கீழே அவர் குரல் கேட்டது:

"என் பொண்ணு நாடகம் படிக்கப்போறா. சிரிக்காதீங்க, கத்தி பட்டுடும்."