தாடைக்கு முதல் மரியாதை

துறையூரில் விதைக்கடை வைத்திருக்கும் வீரமலைக்குப் பல் டாக்டர் டெல்பின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத்தான் பஸ் ஏறிக் காட்டூர் வந்திருந்தார். அந்த அம்மாளோ எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, "உங்க அப்பா எப்படிங்க தவறினாரு?" என்று கேட்கிறார்.

"மூலம்ங்க. ரத்தமாப் போச்சு. நாப்பது வயசு."

"அவருக்கும் தாடையில இந்த மாதிரி புடைப்பு உண்டா?"

இல்லாமலா! வீரமலையின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் பங்காளிகளில் தாடை புடைத்தவன் சாமி தொட்ட ஆள். குலதெய்வம் கோயிலில் பரிவட்டம் அவனுக்குத்தான் கட்டுவார்கள். இப்போது அது வீரமலைக்கு. முன்பு கட்டிக்கொண்டவர்களை வரிசையாகச் சொன்னார்: தாத்தா, அப்பா, சித்தப்பா. டெல்பின் ஒவ்வொருவரும் எந்த வயதில் போனார்கள் என்று கேட்டார். ஒருவரும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"சாமி சீக்கிரமே கூப்பிட்டுக்கும்ங்க" என்றார் வீரமலை பெருமையாக. சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்றது. அவருக்கு முப்பத்தெட்டு.

டெல்பின் படத்தைக் காட்டினார். தாடை எலும்பில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். முளைக்காமல் உள்ளேயே கிடக்கும் உபரிப் பற்கள். "தாடையில இருக்கறது ஒண்ணும் பண்ணாதுங்க. ஆனா இப்படி இருக்கறவங்களுக்குக் குடல்ல சதை வளந்திருக்கலாம். பரம்பரையா வர்றது. விட்டா கேன்சர் ஆயிடும். பல்லு கிடக்கட்டும், முதல்ல குடலைப் பாருங்க."

"வாயைப் பாத்துட்டு வயித்தைச் சொல்றீங்களே!" என்று எகிறிவிட்டுக் கிளம்பினார் வீரமலை. டெல்பின் விடுகிற ஆளா? ஒரு வாரம் தினமும் போன். எட்டாம் நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் துறையூர்க் கடை வாசலிலேயே வந்து நின்றார். அந்தப் பிடிவாதத்துக்குக் கோயில் கட்டலாம்.

ஒருவழியாக வீரமலை போய்ச் சோதித்துப் பார்த்ததில், குடலில் நூற்றுக்கணக்கில் சதை முளைத்திருந்தது. நல்லவேளை, ஒன்றுகூடப் புற்றாகவில்லை. திருச்சியில் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள், வீரமலை பிழைத்தார்.

அடுத்து மகள் தமிழ்மணி. பத்து வயது. அவளுடைய மரபணுச் சோதனை முடிவு வந்த அன்று வீரமலை காட்டூர் கிளினிக்கில் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இவளைத் தொட்டுவிடாதே என்று அதே சாமியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

டெல்பின் சுற்றி வளைக்கவில்லை. "பாப்பாவுக்கும் இருக்குங்க."

வீரமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழாதீங்க. இவளுக்கு நாம முந்திக்கிட்டோம். வருஷா வருஷம் பாப்போம், வேண்டிய நேரத்துல ஆபரேஷன் பண்ணிடுவோம். உங்க வம்சத்துல இதை வச்சுக்கிட்டுக் கிழவி ஆகப்போறவ இவதான்."

"கிழவியா?" என்று முகத்தைச் சுளித்தாள் தமிழ்மணி.

வீரமலை அழுதுகொண்டே டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.