கிடைக்காததற்கு ஒரு நன்றிப்பூசை

என் கணவர் யாக்கோப்பு கடலில் கெட்டிக்காரர், கரையில் அப்பாவி. யார் எதைச் சொன்னாலும் நம்புவார். மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னால் இன்னும் கூட நம்புவார். வராத காசுக்கு அந்தோனியாருக்கு நன்றிப்பூசை ஒப்புக்கொடுத்த மனிதர் இந்த நெடுந்தீவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எங்கள் மகள் யூலியானா உயர்தரப் பரீட்சையை நன்றாகத்தான் செய்தாள். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி அவளை மயிரிழையில் தள்ளிவிட்டது. அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் படிப்புக்குக் கட்டணமில்லை. அது போனபின் மிஞ்சியது கொழும்புப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழக வளாகம்தான். தாதியர் பட்டப்படிப்புக்கு இடம் தருகிறோம் என்றார்கள். கட்டணத்தைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. வள்ளத்தையும் இயந்திரத்தையும் விற்றாலும் முதல் வருடத்தைத் தாண்ட முடியாது. அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே தாதியாக வேண்டும் என்ற ஒரே பிடிவாதம். வருத்தக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஊரில் பிறந்தவளுக்கு வேறென்ன ஆசை வரும்?

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் இறங்குதுறையில் மேடை போட்டுப் பேசினார். "தீவுப் பிள்ளையள் காசில்லாமல் படிப்பை விடக்கூடாது. நான் வெண்டால் பல்கலைக்கழகக் கட்டணம் முழுக்க என்ர பொறுப்பு" என்றார். கீழே இறங்கி வந்து யூலியானாவைப் பார்த்து, "தங்கச்சி, நீர் பயப்படாமல் இடத்தை எடும்" என்றும் சொன்னார். அவர் வென்றும் விட்டார்.

எங்கள் ஊரில் நல்லது ஒன்று நடந்தால் நன்றிப்பூசை கொடுப்பது வழக்கம். யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பாதர் பீடத்தில் நின்று அறிவிப்பார். ஊரே ஆமென் சொல்லும். பூசை முடிந்ததும் அந்த வீட்டார் எல்லோருக்கும் கடலையும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். ஆனால் கிடைத்த பிறகு கொடுப்பதுதான் முறை. தேர்தல் முடிவு வந்த கையோடு யாக்கோப்பு பாதரிடம் புறப்பட்டார்.

"விசரே உங்களுக்கு? காசு கைக்கு வரட்டும்" என்றேன்.

"அந்த மனுசன் ஊருக்கு முன்னால சொன்னவர். இனியும் பொறுத்திருந்தால் அந்தோனியாரை நம்பேல்லை எண்டாகும்" என்றார்.

இப்படிப் பேசுகிறவரோடு எந்தப் பெண்சாதியால் வாதாட முடியும்? 'யூலியானாவின் பல்கலைக்கழகக் கட்டணம் கிடைத்தமைக்காக' என்று பாதர் அறிவித்தார். ஊர் ஆமென் சொன்னது. கடலை ஒரு மணி மிஞ்சவில்லை.

பிறகு நான் வென்றவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். முதலில் அடுத்த கிழமை என்றார்கள். பிறகு சுற்றறிக்கை வரவேண்டும் என்றார்கள். கடைசியில் ஒரு பொடியன் மிகவும் பணிவாக, அந்தத் திட்டம் அரசாங்கப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றான். கட்டணமே இல்லாத இடத்துக்குக் கட்டணம் கட்டுவார்களாம். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

முதல் தவணை கட்ட மாத முடிவுவரைதான் நேரம் இருந்தது. யூலியானா அழவில்லை. "பரவாயில்லை அம்மா, கிளிநொச்சியில தையல் வேலைக்கு ஆள் எடுக்கினமாம்" என்றாள். அவள் அழுதிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். யாக்கோப்பு கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டார். "ஊர் முழுக்கக் கடலை திண்டது. நான் எந்த முகத்தோட போறது?" என்று குசினிக்குள் அடுப்படியில் குந்தியிருந்தார்.

அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. நேராகப் பாதரிடம் போனேன்.

"பாதர், அண்டைக்குச் சொன்ன நன்றியைத் திருப்பி எடுக்கவேணும். அது பிழையெண்டு பூசையில சொல்லிவிடுங்கோ."

பாதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நன்றி சொல்ல மறந்த ஆக்களை நிறையக் கண்டிருக்கிறன். சொன்ன நன்றியைத் திருப்பிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பதாகச் சொன்னார்.

சொன்னபடி அறிவித்தார். ஒளிவு மறைவு இல்லாமல், கட்டணம் கிடைக்கவில்லை, பிள்ளையின் இடம் போகப் போகிறது என்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பூசை முடிந்து நான் நழுவப் பார்த்தபோது, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சூசைப்பிள்ளை அண்ணை முற்றத்தில் எல்லோரையும் மறித்தார்.

"எல்லாரும் நில்லுங்கோ. அண்டைக்குக் கடலை திண்டனாங்களோ இல்லையோ?"

"திண்டனாங்கள்" என்றார்கள்.

"ஆமென் சொன்னனாங்களோ?"

"ஓம், சொன்னனாங்கள்."

"அப்ப அந்தோனியாருக்குப் பொய் சொன்னது யாக்கோப்பு மட்டுமில்லை, நாங்கள் எல்லாரும்தான். நன்றியைத் திருப்பி எடுக்க ஏலாது. சொன்னதை உண்மையாக்கத்தான் ஏலும்."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வள்ளங்கள் பிடிக்கும் மீன் முழுவதும் கோயில் கட்டடத்துக்குப் போகும். அதை இந்தத் தடவை யூலியானாவுக்குக் கொடுப்போம் என்றார் அவர். எல்லோரும் பாதரைப் பார்த்தார்கள். "கூரை பொறுக்கும், வளாகம் பொறுக்காது" என்றார் பாதர்.

அப்போது சின்னத்தங்கம் முன்னால் வந்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி. வேலித் தகராறில் மூன்று வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. நான் அவளைச் சொல்லாத சொல் இல்லை. "பொம்பிளையள் நாங்கள் சும்மா நிக்கிறதோ? என்னட்டை இருக்கிற கருவாட்டையும் சேருங்கோ" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை யாக்கோப்பைக் கடலுக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். யாருக்காகத் தொழில் செய்கிறார்களோ அவர் கரையில் நின்று வாங்கவேண்டுமாம். விடிந்து வெயில் ஏறியபோது வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விளைமீன், பாரை, கணவாய் என்று கூடை கூடையாக இறக்கினார்கள். இயந்திரம் பழுதாகிக் கிடந்த ஒருவர்கூட அடுத்தவர் வள்ளத்தில் ஏறிப் போய்ப் பிடித்து வந்திருந்தார். யாக்கோப்பு ஒவ்வொரு கூடையையும் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தச் சனத்தோடு எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நான் மீனைத் தரம் பிரிக்கக் குந்தினேன்.

மீனும் கருவாடும் விற்ற காசில் முதல் தவணை கட்டினோம். யூலியானாவைப் படகில் ஏற்ற இறங்குதுறைக்கு வந்த சூசைப்பிள்ளை அண்ணை யாக்கோப்பின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தவணைக்கும் பாப்பம், யோசியாதையும். ஆனால் தயவுசெய்து அதுக்கு முதல் பாதரிட்டைப் போயிடாதையும்" என்றார். படகில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யூலியானா சிரித்துக்கொண்டே அழுதாள்.

படகு போனதும் பாதரிடம் போனது நான்தான்.

"இன்னொரு நன்றிப்பூசை வேணும் பாதர்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கிடைச்சதுக்கோ, கிடைக்கப்போறதுக்கோ?"

"கிடைச்சதுக்கு. ஆனால் கட்டணத்துக்கெண்டு சொல்லவேண்டாம். இந்தச் சனத்தை எங்களுக்குத் தந்ததுக்கெண்டு சொல்லுங்கோ."

ஞாயிறு பூசையில் பாதர் அப்படியே அறிவித்தார். யாக்கோப்பு முன்வரிசையில் நின்றார். ஆமென் சொல்லவேண்டிய இடம் வந்தபோது, ஊரில் எல்லோரையும் வாயால் வெல்லும் எனக்குக் குரல் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற சின்னத்தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள்.