தந்தப் பிடி போட்ட கெரிஸ்

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தங்கராஜுவின் வீட்டுச் சுவரில் முப்பத்தொரு பழங்காலக் கத்திகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் மழைக்கு ஒரு முட்டைக்கோஸுக்குள் ஒதுங்கியதைச் சொல்லும்போதுகூட மனிதர் முகம் மாறாது. "ஏழு பேருலா, கொஞ்சம் இடிச்சுக்கிட்டுத்தான் நின்னோம்" என்பார். கீரை பயிரிட்ட சின்னக்கருப்பனைத் தவிர தோட்டத்தில் யாரும் அவரை நம்பியதில்லை.

அந்தச் சின்னக்கருப்பன் இறந்து நாற்பது நாள் ஆனபின், அவர் மனைவி பாஞ்சாலை துண்டில் சுற்றிய கெரிஸைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வெள்ளைப் பிடி போட்ட, வளைந்து வளைந்து போகும் மலாய்க் கத்தி.

"அண்ணே, திங்கக்கிழம மியூசியத்து ஆளுங்க வர்றாங்க. அவரு பேரு போட்டு இத வைப்பாங்களாம். என்னா ஏதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கலா. வானத்துலேருந்து விழுந்த இரும்பு, கடல் யானைத் தந்தத்துல பிடி... நீங்க சொன்னதுதானே?"

தங்கராஜு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளச் சேறு வடிந்த வருடம், கீரைப் பாத்தியில் கிடைத்த ஒரு துருக்கட்டியைச் சின்னக்கருப்பன் எடுத்துவந்து, "சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணே" என்று கொடுத்தார். தேங்காய்த் தண்ணீரில் பத்து நாள் ஊறவைத்து எலுமிச்சை தேய்த்ததும், கறுப்பு இரும்பில் வெள்ளி ரேகைகள் ஓடியதைப் பார்த்தார் தங்கராஜு. திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. சந்தையில் வாங்கிய புதுக் கெரிஸ் ஒன்றுக்கு, சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையைச் செதுக்கிப் பிடி போட்டு, கதையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். தங்கராஜுவின் மனைவி அந்தப் பலகையை ஒரு மாதம் தேடினாள். சின்னக்கருப்பனோ, கோலா தெர்லா லாரிக்காரர்கள்வரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

மியூசியத்துக்காரன் தொட்ட உடனே கண்டுபிடிப்பான். சிரிப்பான். செத்தவர் பேரைச் சொல்லிச் சிரிப்பான்.

"தங்கச்சி, இது பொய்க் கத்தி. நான் மாத்திக் குடுத்துட்டேன்."

"ஆரம்பிச்சிட்டீங்களா? எழவு வீட்டுக்காரிகிட்டயுமா அண்ணே?" பாஞ்சாலை சிரித்தாள்.

தங்கராஜு போய் ஓர் ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி இடுக்கியில் பிடித்துவந்தார்.

"தந்தம்னா எறங்காது. பாரு."

ஊசி பிடிக்குள், சேற்றில் குச்சி இறங்குவதுபோல இறங்கியது. பிளாஸ்டிக் வாளி எரிந்த நாற்றம்.

பாஞ்சாலையின் சிரிப்பு போய்விட்டது. "அவரோடது எங்க?"

சுவரின் நடுவில் இருந்ததை இறக்கிக் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எழுதுங்க. கதை வேணாம்."

எழுதினார்: பதினொரு வளைவு. இரும்பும் நிக்கலும் அடுக்கடுக்காக வைத்து அடித்தது. பழைய பிடி மக்கிவிட்டது, இப்போதிருக்கும் மரப்பிடி புதிது. கண்டெடுத்தவர் சின்னக்கருப்பன், லெம்பா பெர்த்தாம். ஒரு சுல்தானையாவது சேர்க்க விரல் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார்.

அவள் வாங்கிப் படித்தாள். "இத்தன வருஷம் யாரு வீட்டுல இருந்துச்சு, எப்படிப் போச்சு? அதையும் போடுங்க."

தங்கராஜு பேனாவை எடுத்தார். அந்த ஒரு வரிக்கு, மேலே எழுதியது எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

பாஞ்சாலை தாளை மடித்து, கணவரின் கெரிஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.