அன்ரனி விழுந்துகொண்டிருந்த பருவம்

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஆலங்குடாவுக்கு நேரே கடலில், இழுவைப் படகிலிருந்து மூன்றாம் நம்பர் பார்ஜுக்குப் பாய்ந்த அன்ரனி கால் தவறி இரண்டுக்கும் நடுவே விழுந்தான். விழுந்தவன் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. பார்ஜின் தளத்துக்கு ஒரு முழம் கீழே, கைகள் விரிந்தபடி, ஹெல்மெட் ஒரு பக்கம் சரிந்தபடி, அந்தரத்தில் நின்றுவிட்டான். அலையில் பார்ஜ் எழும்பினால் அவனும் எழும்பினான், தாழ்ந்தால் அவனும் தாழ்ந்தான். பார்ஜ் ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு ரிஃபாஸ் விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்து, "விழுந்திட்டியாடா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை நானா" என்றான் அன்ரனி. ஆழக்கடலில் கரிக்கப்பல் காத்துக்கொண்டிருந்தது. பின்னேரம் பார்ப்போம் என்று எல்லோரும் வேலையைத் தொடங்கினார்கள்.

பின்னேரம் பார்க்கத்தான் செய்தார்கள். கயிறு போட்டு நான்கு பேர் இழுத்தபோது அன்ரனி அசையவில்லை, பார்ஜ்தான் அவன் பக்கம் சாய்ந்தது. கரிக்கப்பலின் கிரேன் கொக்கியை அவனுடைய இடுப்புப் பட்டியில் மாட்டித் தூக்கினார்கள்; பட்டி அறுந்தது, ஆள் அங்கேயே நின்றான். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால் அதில் மாட்டியிருக்கலாம். அங்கிகள் எல்லாம் இழுவைப் படகின் அறைக்குள் தலையணையாக இருந்தன. மறுநாள் கம்பனியின் மேலாளர் யோகராசா வந்து, வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு பார்த்தார். ஆள் நனைந்தாரா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றார்கள். "அப்ப இன்னும் விழுந்து முடியேல்லை. முடியாத ஒண்டை விபத்து எண்டு நான் எப்பிடி மேலிடத்துக்குச் சொல்லுறது?" என்றார். சொல்லிவிட்டு, ஆள் எப்படியும் அங்கேதானே நிற்கிறார், பார்ஜின் பக்கத்தில் தொங்கும் டயர்கள் நழுவாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்ரனி அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தான்.

பாய்கிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்ஜுக்கு இயந்திரம் இல்லை. கரியைச் சுமக்கிற இரும்புத் தட்டு, அவ்வளவுதான். இழுவைப் படகு அதைக் கப்பலுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் இழுத்துத் திரியும். ஆட்கள் இதிலிருந்து அதற்கு மாறும்போது, அலை படகை உயர்த்துகிற கணம் பார்த்துப் பாய்வார்கள். முதலில் சாரங்கு பாய்வார், பிறகு வயதுப்படி மற்றவர்கள். தயங்குகிறவனுக்கு அன்று முழுக்கப் பகிடிதான், அன்ரனியும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கணம் தயங்கி, "என்ன மச்சான், பல்லக்குக் கொண்டரவோ?" என்று பின்னால் யாரோ கேட்டதற்குப் பிறகுதான் பாய்ந்தான். நடந்து போக ஒரு பலகை இல்லாமலும் இல்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, மஞ்சள் வர்ணம் பூசிய நல்ல அலுமினியப் பலகை ஒன்றைக் கம்பனி வாங்கியிருந்தது. பரிசோதகர்கள் வந்தால் புதிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதைப் பொலித்தீன் உறை கழற்றாமல் கரையில் களஞ்சிய அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். பரிசோதகர்களும் களஞ்சிய அறைக்கே போய்ப் பார்த்து, நல்ல பலகை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்களில் ஒருவனும் அதைக் கேட்டதில்லை.

அன்ரனியின் மனைவி பவுலினா கற்பிட்டியில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடி ஒன்றில் வேலை செய்தாள். யுத்தத்தின்போது மன்னார்ப் பக்கத்திலிருந்து கைப்பையோடு வந்து ஆலங்குடாவில் குடியேறிய குடும்பம். புருஷன் அந்தரத்தில் நிற்கிறான் என்று கேட்டு அவள் மயங்கி விழவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டாள். அதன் பிறகு தினமும் தம்பியின் வள்ளத்தில் சோற்றுப் பார்சலோடு போனாள். முதல் நாட்களில் பார்சலைத் துடுப்பின் நுனியில் கட்டி உயர்த்திக் கொடுக்கவேண்டியிருந்தது. மாசியில் எழும்பி நின்று கையை நீட்டினால் போதும் என்றானது. பங்குனியில் ஒரு நாள் அவள் வள்ளத்துக்குள் குந்தியிருந்தபடியே பார்சலைக் கொடுத்துவிட்டு, கை அப்படியே நிற்க அவனைப் பார்த்தாள்.

"என்ன இது, கீழ வந்திட்டீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லையப்பா. இவங்கள் பாயப் பாய இறங்குது."

"அதை அவங்களுக்குச் சொல்லுறதுதானே!"

"சொன்னனான். மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் பாயிறாங்கள்."

அது உண்மை. யாராவது அவனைத் தாண்டிப் பாய்ந்தால் அன்ரனி ஒரு மயிரிழை இறங்கினான். இதை எல்லோரும் கண்ணால் கண்டிருந்தார்கள். அவன்மேல் பிரியமில்லாதவன் என்று அந்தப் பார்ஜில் ஒருவனும் கிடையாது. கொத்துரொட்டி வாங்கிவந்து ஊட்டிவிட்டார்கள், வெயிலுக்குக் குடை கட்டிக் கொடுத்தார்கள், அவனுக்காகத் தலவில தேவாலயத்து அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்தார்கள். உமாசுதன் என்கிற இளந்தாரி ஒவ்வொரு முறையும் விளிம்பில் நின்று நெஞ்சில் கை வைத்து, "அன்ரனி அண்ணை, இதுதான் கடைசி, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவன் தலைக்கு மேலால் பாய்ந்தான். ஒரு நாளைக்கு எத்தனையோ கடைசி. அன்ரனி நசிந்துவிடக்கூடாது என்று படகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். அதனால் இடைவெளி பெரிதானது, பாய்ச்சலும் நீண்டது. இதை இரக்கத்தோடுதான் செய்தார்கள் என்பதுதான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். பங்குனி முடிகிறபோது, கரி ஏற்றிப் பார்ஜ் தாழ்ந்திருக்கிற நேரங்களில் அன்ரனிக்கு நெஞ்சளவு தண்ணீர் நின்றது.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் அந்தக் கரையில் பார்ஜ் நிற்கமுடியாது. எல்லாவற்றையும் தீவைச் சுற்றிக் கிழக்குத் துறைமுகத்துக்கு இழுத்துப் போவார்கள். அந்த அலையில், அந்த உயரத்தில் தொங்குகிற மனிதன் துறைமுகம் போய்ச் சேரமாட்டான். இதைப் பவுலினா கம்பனிக் கந்தோருக்குப் போய் யோகராசாவிடம் சொன்னாள். அவர் கதிரை கொடுத்து, பிளேன்ரீ கொடுத்து, பாதுகாப்புத்தான் கம்பனியின் உயிர்மூச்சு என்றார். அடுத்த கிழமை மண்டபம் எடுத்துப் பாதுகாப்புத் தினம் கொண்டாடினார். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து படம் காட்டினார். எல்லோரும் வலது கையை நீட்டி, இனிமேல் பாயமாட்டோம் என்று சத்தியம் செய்து, வடையும் சாப்பிட்டார்கள். பிறகு நேரம் போய்விட்டது என்று ஓடிவந்து படகில் ஏறி, பார்ஜுக்கு வரிசையாகப் பாய்ந்தார்கள். அன்று ஒரே பின்னேரத்தில் அன்ரனி தோள்வரை இறங்கினான்.

பவுலினா மறுநாள் சோற்றோடு வரவில்லை, சண்டைக்கு வந்தாள். தம்பியின் வள்ளத்திலிருந்து இழுவைப் படகில் ஏறி, ரிஃபாஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நானா, நீங்கள் பாயாட்டி ஆர் பாயப்போறான்?"

"தங்கச்சி, நான் சாரங்கு. பலகையில தவழ்ந்தா இவனுகள் என்னை மதிப்பானுகளா?"

"மதிக்கிறதுக்கு ஆள் மிஞ்சவேணும். கழுத்துமட்டும் தண்ணியில நிக்கிறார், எட்டிப் பாருங்கோ!"

ரிஃபாஸ் எட்டிப் பார்த்தார். அன்ரனி உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "நானா, பாயிறதெண்டால் சப்பாத்தைக் கழுவிப்போட்டாவது பாயச் சொல்லுங்கோ. கரித்தூள் கண்ணுக்குள்ள விழுகுது" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ரிஃபாஸ் களஞ்சிய அறையின் பூட்டை இரும்புக் கம்பியால் நெம்பி உடைத்து, பலகையை வெளியே எடுத்து, பொலித்தீனைக் கிழித்துப் போட்டார். படகுக்கும் பார்ஜுக்கும் நடுவே அதைப் போட்டுக் கட்டி, எல்லோரும் பார்க்க ஏறினார். இத்தனை வருடம் பாய்ந்த மனிதருக்குக் கீழே பார்க்க ஒருபோதும் நேரம் இருந்ததில்லை. நடக்கும்போது நிறைய நேரம் இருந்தது. இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு அடி அடியாக வைத்தார். "நானா, மாப்பிள்ளை ஊர்வலம் வடிவா இருக்கு! பைலாப் பாட்டும் போடவா?" என்று உமாசுதன் கத்தினான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரிஃபாஸ் பார்ஜில் கால் வைத்து, வியர்வையைத் துடைத்து, "சிரிச்சு முடிச்சிட்டு நடங்கடா. பாயிறவன் என்ட பார்ஜில சோறு தின்னமாட்டான்" என்றார். நடந்தார்கள். ஒவ்வொருவனும் நடந்தபோது அன்ரனி ஒரு நெல்லளவு மேலே வந்தான். இறங்கும்போது மயிரிழை, ஏறும்போது நெல் என்பது ஏன் என்று யாரும் ஆராயவில்லை.

அதைக் கண்டதும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. இந்த ஆட்களுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. பாய்ந்தபோதும் அப்படித்தான், நடந்தபோதும் அப்படித்தான். அந்தக் கிழமை கரி பாதிதான் இறங்கியது. கையில் தேநீர்க் கோப்பையோடு போனார்கள், வந்தார்கள், ஒரு காரணமும் இல்லாமல் திரும்பப் போனார்கள். கருவாட்டு வாடிப் பெண்கள் வள்ளம் பிடித்து வந்து நடந்தார்கள். காற்றாடி கட்டிய பலகையில் அலைமேல் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் இருவர் விஷயம் விளங்காமலே வரிசையில் நின்று நடந்தார்கள். யோகராசா படகில் வந்து, "வேலை நேரத்தில இதென்ன திருவிழாவோ?" என்று கத்தினார். "நீங்கதானே சேர் சத்தியம் வாங்கினீங்க" என்றார் ரிஃபாஸ். யோகராசாவும் வரிசையில் நின்றுதான் பார்ஜுக்கு வரவேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அன்ரனியின் பாதங்கள் தளத்துக்குச் சமமாக வந்தன. அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்களே தவிர காலை ஒருவரும் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு விஷயமே தெரியாது, அவர்கள் பாட்டுக்கு நடந்தார்கள். ரிஃபாஸ் கத்தி நிறுத்தியபோது அன்ரனி தளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றான். இப்போது காலை அசைக்க முடிந்தது, நடக்கவும் முடிந்தது. ஆனால் கால் இரும்பில் படவில்லை. தோளைப் பிடித்து அமத்திப் பார்த்தார்கள். இறங்கவில்லை.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாராவது பாய்ந்தால் இறங்குவான். "ஆராவது பாயுங்கடா" என்றார் ரிஃபாஸ். ஒருவனும் அசையவில்லை. உமாசுதன் மட்டும் விளிம்புவரை போனான். வழக்கம்போல நெஞ்சில் கை வைத்தான். கறுத்த தண்ணீர் பார்ஜின் இரும்பில் மோதி உள்ளே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தான். பிறகு மெல்லப் பின்னால் வந்து, "ஏலாது நானா. நான் இப்பதான் கீழ பாத்தன்" என்றான். ரிஃபாஸ் தானே போய்ப் பாய்வதற்கு முழங்காலை மடித்தார், பிறகு நிமிர்ந்தார். யோகராசாவைப் பார்த்தபோது அவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பலகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"விடுங்கோ" என்றாள் பவுலினா. "ஒரு சாண்தானே. வாங்கோ வீட்ட."

அன்ரனி பலகைக்கு ஒரு சாண் மேலால் படகுக்கும், பிறகு இறங்குதுறைக்கு மேலால் கரைக்கும் போனான். பஸ்ஸில் கண்டக்டர் அவனை உட்காரச் சொன்னான், முடிந்தவரை உட்கார்ந்தான். சித்திரை கழிந்து கச்சான் அடிக்க, பார்ஜுகள் கிழக்கே போயின. புரட்டாசியில் திரும்பி வந்தபோது அவனும் வேலைக்குப் போனான். நிலத்தில் படாவிட்டாலும் சப்பாத்துக் கட்டாயம் என்று கம்பனி சொன்னது, போட்டுக்கொண்டான். வீட்டில் மேசன் வந்து கதவு நிலையை உயர்த்திக் கட்டினான். பவுலினா கூட்டும்போது அவனைக் காலைத் தூக்கச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவன் நிற்கிற இடத்திலும் விளக்குமாறு அடியால் போய் மண்ணை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது.